அல்பரீன்யோ: வறுத்த மீனுக்குப் பிழியும் எலுமிச்சை போல ஓர் ஒயின்

வறுத்த மீன் தட்டின் ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு எதற்கு? எண்ணெய்ப் பசை நாக்கில் படிந்துவிட்டால் மூன்றாவது வாயிலேயே மீனின் ருசி மங்கிவிடும். நாலு சொட்டுப் புளிப்பு விழுந்ததும் எச்சில் ஊறும், பசை கழலும், அடுத்த வாய் முதல் வாய் போலவே இருக்கும். ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவில் விளையும் அல்பரீன்யோ திராட்சையில் செய்யும், அதே பெயருள்ள வெள்ளை ஒயின் சாப்பாட்டுக்குச் செய்வது இந்த வேலையைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால், எந்த உணவோடு இது சேரும், எதோடு சேராது என்பதைப் பட்டியல் பார்க்காமலே ஊகித்துவிடலாம்.

ஒயின்காரர்கள் ஒரு வெள்ளை ஒயினை ‘ஃப்ரெஷ்’ என்று சொன்னால் புளிப்பு தூக்கலாக இருக்கிறது என்று பொருள். கூடவே இனிப்பு நாக்குக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு, மரப் பீப்பாயின் வாசனை கிடையாது, ஆல்கஹால் 12 முதல் 13 சதவீதம். அல்பரீன்யோவுக்கு இவை எல்லாம் பொருந்தும். மோந்து பார்த்தால் எலுமிச்சைத் தோல், பம்பளிமாஸ், பீச் பழம், வெள்ளைப் பூக்கள். விழுங்கிய பிறகு ஆரஞ்சுத் தோலின் உள்பக்கத்து வெள்ளையைக் கடித்தாற்போல ஒரு சின்னக் கசப்பு தங்கும். திராட்சையின் தோல் தடிமன் என்பதால் வருவது அது. குறை என்று எண்ண வேண்டாம்.

இரண்டு புளிப்புகள்

திராட்சைச் சாற்றில் முக்கியமாக இரண்டு அமிலங்கள் உண்டு. ஒன்று டார்டாரிக் அமிலம்; நம் வீட்டுப் புளிக்கும் புளிப்பைக் கொடுப்பது இதுதான். மற்றது மாலிக் அமிலம். பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அந்தப் புளிப்பு. வெயில் அதிகமான ஊர்களில் பழம் பழுக்கப் பழுக்க மாலிக் கரைந்து போய்விடும். குளிர்ச்சியான ஊரில் அது பழத்திலேயே தங்கும்.

சாறு நொதித்து ஒயினான பிறகு ஒருவகை பாக்டீரியா புகுந்து மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரின் புளிப்பாக, மாற்றும். வெண்ணெய் போல வழவழக்கும் ஷார்டொனே ஒயின்களில் இந்த மாற்றத்தை வேண்டுமென்றே நடக்க விடுகிறார்கள். அல்பரீன்யோ செய்பவர்களில் பலர் தொட்டியைக் குளிர வைத்து, கொஞ்சம் சல்ஃபர் சேர்த்து, இதை நடக்கவிடாமல் நிறுத்திவிடுவார்கள். வெயில் சரியாக அடிக்காத ஆண்டில் புளிப்பு பல்லைக் கூச வைக்கும் என்று தோன்றினால், ஒரு பகுதியை மட்டும் மாற விட்டு மீதியோடு கலப்பதும் உண்டு. ஒரே ஊர், ஒரே திராட்சை. ஆனால் ஒரு பாட்டில் கத்தி போலவும் இன்னொன்று சற்று வழுவழுப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் காரணம் இந்த முடிவுதான்.

மழையும் பந்தலும்

கலீசியாவின் கரையில் கடல் விரல் விரலாக நிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் கடல் மூழ்கடித்து உண்டான நீண்ட நீர்ப்பரப்புகள் இவை. ஒவ்வொன்றும் ஒரு ‘ரீயா’. தெற்குப் பக்கத்து ரீயாக்களுக்கு ரீயாஸ் பைஷாஸ் என்று பெயர், ‘கீழ் ரீயாக்கள்’ என்று அர்த்தம். 1988 முதல் அல்பரீன்யோவின் அதிகாரப்பூர்வ ஒயின் வட்டாரத்தின் பெயரும் அதுவே. ஸ்பெயின் என்றதும் கண்ணில் வரும் காய்ந்த செம்மண்ணும் ஆலிவ் மரங்களும் இங்கே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைவிட அதிகம்.

இவ்வளவு ஈரத்தில் திராட்சைக்கு முதல் எதிரி பூஞ்சைதான். அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், பழ அழுகல் என்று வரிசையாக வரும். அதனால் கொடியைத் தரையோடு வளர்க்காமல் பந்தலில் ஏற்றுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது: ஆள் உயரத்துக்கு மேல் இலைக்கூரை, கீழே தொங்கும் குலைகள், நடுவில் காற்று தாராளமாகப் போய்வரும். பந்தல் கால்கள் மட்டும் கருங்கல். மரம் நட்டால் ஈரத்தில் உளுத்துவிடும். மண்ணைத் தோண்டினால் கிடைப்பதோ கிரானைட். குலைகளுக்கு அடியில் சிறு விவசாயிகள் உருளைக்கிழங்கும் கோஸும் போட்டு வந்தார்கள். இன்றும் நிலம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. 4,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டங்களைச் சுமார் 5,000 குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

செப்டம்பரில் அறுவடை. கையால் வெட்டி, 20 கிலோவுக்கு மேல் பிடிக்காத சிறிய பெட்டிகளில் அடுக்குவார்கள். பெரிய பெட்டியில் கொட்டினால் மேல்குலைகளின் பாரத்தில் அடிக்குலைகள் நசுங்கும், சாறு காற்றுப் பட்டுப் பழுப்பேறும், நொதித்தலும் முன்கூட்டியே ஆரம்பித்துவிடும். பிறகு பல இடங்களில் பழத்தைத் தோலோடு சில மணி நேரம் குளிரில் ஊற வைக்கிறார்கள். இந்தத் திராட்சையின் வாசனையில் பெரும்பங்கு தோலில்தான் இருக்கிறது. ரொம்ப நேரம் ஊறினால் கசப்பு இறங்கிவிடும். பிழிந்த சாறு 15 முதல் 18 டிகிரி செல்சியஸில் எஃகுத் தொட்டியில் நொதிக்கும். சூடு கூடினால் பூ வாசனையும் பழ வாசனையும் ஆவியாகப் பறந்துவிடும்.

கடற்கரை ஒயின் ஆகையால் கடல் உப்பு வேர் வழியே ஏறி ஒயினில் கரைகிறது, கிரானைட்டின் ருசி நாக்கில் தெரிகிறது என்றெல்லாம் விற்பனையாளர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கொடி மண்ணிலிருந்து உறிஞ்சும் தாதுக்கள் மிகச் சொற்பம். அவை கல்லின் சுவையாக ஒயினுக்கு வந்து சேர்வதில்லை. ‘உப்புக் கரிக்கிறது’ என்று நாம் உணர்வதில் அந்த உயர்ந்த புளிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இதே வகைக் கதை இன்னொன்றும் உண்டு. ஜெர்மானியத் துறவிகள் ரைன் நதிக்கரையிலிருந்து கொண்டுவந்த கொடி இது, ரீஸ்லிங் என்ற ஜெர்மன் திராட்சையின் உறவு என்று நெடுநாள் நம்பினார்கள். மரபணுச் சோதனைகள் அதற்கு ஆதரவு தரவில்லை. மரபணுச் சோதனை ஆஸ்திரேலியாவில் இன்னும் பெரிய வேடிக்கை காட்டியது. அங்கே பல தோட்டக்காரர்கள் அல்பரீன்யோ என்று நட்டு, அந்தப் பெயரிலேயே பாட்டில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2009-இல் பார்த்தால் அது சாவன்யாங் என்ற பிரெஞ்சு ரகம்.

கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கும்போது

முன்பக்கம் ‘ரீயாஸ் பைஷாஸ்’, ‘அல்பரீன்யோ’ இரண்டும் இருந்தால் உள்ளே இருப்பது முழுக்க அல்பரீன்யோதான். ஓ ரொசால் என்றோ கொண்டாடோ என்றோ உட்பகுதியின் பெயர் மட்டும் இருந்தால் அல்பரீன்யோவோடு வேறு ரகங்களும் கலந்திருக்கலாம். லோரெய்ரா, த்ரெஷாதுரா போன்ற உள்ளூர் ரகங்கள் அவை. வட்டாரத்தில் மொத்தம் ஐந்து உட்பகுதிகள். ஆரம்பிப்பவர் கம்படோஸ் ஊரைச் சுற்றியுள்ள வல் டோ சல்னேஸ் ஒயினை எடுப்பது நல்லது. கடலுக்கு மிக அருகில், மிகக் குளிர்ச்சியான பகுதி. புளிப்பு கூர்மையாகத் தெரியும். கம்படோஸில் 1953 முதல் ஆகஸ்ட் தொடக்கத்தில் அல்பரீன்யோவுக்கென்றே திருவிழா நடக்கிறது.

தெற்கே மீன்யோ நதியைத் தாண்டினால் போர்ச்சுகல். அங்கே மொன்சாவ், மெல்காசு ஊர்களில் இதே திராட்சைக்கு ‘அல்வரீன்யோ’ என்று பெயர். மலைகள் கடற்காற்றை மறிப்பதால் பழம் சற்று அதிகம் பழுக்கும், ஒயினும் வாயில் கொஞ்சம் கனமாக இருக்கும். பருவநிலை சூடாவதைச் சமாளிக்க 2021-இல் பிரான்சின் போர்டோ ஒயின் வட்டாரம் அனுமதித்த புதிய ரகங்களில் இதுவும் ஒன்று. வெயிலிலும் புளிப்பைக் கைவிடாத பழம் என்ற பெயர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ஆண்டைப் பாருங்கள். சாதாரண அல்பரீன்யோ அறுவடையிலிருந்து மூன்று ஆண்டுக்குள் குடிக்கத்தான். ஐந்து ஆண்டு பழையதைத் தள்ளுபடியில் கொடுத்தால், ‘சோப்ரே லியாஸ்’ என்ற சொல் லேபிளில் இல்லாத பட்சத்தில் விட்டுவிடுங்கள். லியாஸ் என்பது நொதித்து முடிந்து அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டல். பல மாதம் அதன் மேல் வைத்த ஒயினுக்கு வாயில் ஒரு திண்மை வரும், பல ஆண்டு தாங்கவும் செய்யும். வண்ணமில்லாத கண்ணாடி பாட்டில், கடையின் குழல்விளக்குக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தால் அதையும் தவிர்க்கலாம். வெளிச்சம் பட்ட வெள்ளை ஒயினில் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும்.

குளிர்ச்சி

நம் ஊர்ச் சூட்டில் பெரும்பாலான வெள்ளை ஒயின்கள் கெடுவது இந்த இடத்தில்தான். அல்பரீன்யோவுக்கு 8 முதல் 10 டிகிரி. லியாஸ் மேல் வைத்ததற்கு 10 முதல் 12. வெதுவெதுப்பாகிவிட்டால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், புளிப்பு தொய்ந்துவிடும். அதற்காக 4 டிகிரியில் ஊற்றினால் வாசனையே வராது. குளிர்ந்த எலுமிச்சைத் தண்ணீர் போல இருக்கும்.

அறையில் இருந்த பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் வேண்டும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. பாட்டிலைக் கழுத்து வரை அமிழ்த்தினால் இருபது நிமிடம் போதும். வெறும் ஐஸ் போட்டால் கட்டிகளுக்கு நடுவில் காற்று நிற்கும், பாட்டிலைத் தொடுவது கொஞ்ச இடம்தான், அதனால்தான் தண்ணீர். ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளும், சமயத்தில் பாட்டிலும் வெடிக்கும். கிளாஸில் 100 மில்லி மட்டும் ஊற்றுங்கள். நிறைய ஊற்றினால் கடைசி வாய்க்குள் சூடேறிவிடும்.

நாலு தட்டுச் சோதனை

உணவுக்குப் போகும் முன் ஒரு பத்து நிமிட வேலை. நாலு சின்னத் தட்டில் ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு எலுமிச்சைத் துண்டு, ரொட்டியில் தோய்த்த ஆலிவ் எண்ணெய். முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய் குடித்து ருசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டு நக்கிவிட்டு ஒரு வாய், இடையிடையே தண்ணீர்.

உப்புக்குப் பிறகு ஒயினின் புளிப்பு அடங்கி, பழ ருசி மேலே வரும். எண்ணெய்க்குப் பிறகு வாய் சுத்தமாகும். சர்க்கரைக்குப் பிறகு அதே ஒயின் காடி போல முகத்தைச் சுளிக்க வைக்கும். எலுமிச்சைக்குப் பிறகோ ஒயின் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் நாக்கு அதைவிடப் பெரிய புளிப்புக்குப் பழகிவிட்டது. உப்பும் கொழுப்பும் தோழர்கள், இனிப்பு பகை, தன்னைவிடப் புளித்தது எதுவானாலும் ஆகாது.

கலீசியர்களின் தட்டு

இனி அந்த ஊர்ச் சாப்பாடு ஏன் இதற்குப் பொருந்துகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: உப்பும், ஆலிவ் எண்ணெயும், கடலும்.

அரோசா ரீயாவில் படகில் போனால் தண்ணீர் மேல் வரிசை வரிசையாக மரச்சட்டத் தெப்பங்கள் மிதக்கும். ‘பாத்தேயா’ என்று பெயர். ஒரு தெப்பத்திலிருந்து 500 கயிறுகள் வரை, ஒவ்வொன்றும் 12 மீட்டர் வரை, கடலுக்குள் தொங்கும். கயிறு முழுக்கக் கருநீல மட்டிகள் ஒட்டி வளரும். அல்பரீன்யோவோடு சாப்பிட இதைவிட எளிய உணவு கிடையாது. ஒரு கிலோ மட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டைச் சுரண்டிக் கழுவி, பக்கத்தில் தொங்கும் நாரைப் பிடித்து இழுத்து எறியுங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொள்ளாவிட்டால் அது செத்தது, குப்பைக்கு. அகலமான பாத்திரத்தில் 100 மில்லி ஒயின், ஒரு பிரிஞ்சி இலை. கொதி வந்ததும் மட்டியைக் கொட்டி மூடி, பெரிய தீயில் நாலைந்து நிமிடம். ஓடு திறந்ததும் இறக்கிவிட வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் சதை சுருங்கி ரப்பராகும். உப்பு போடவே கூடாது. ஓட்டுக்குள் இருக்கும் கடல்நீர் போதும்.

ஆக்டோபஸ் இன்னொன்று. ‘போல்போ ஆ ஃபெய்ரா’, சந்தை ஆக்டோபஸ் என்று பொருள். முன்பெல்லாம் சதையை மென்மையாக்க அடித்துத் துவைப்பார்கள். இப்போது உறைய வைத்து எடுக்கிறார்கள், பனி ஊசிகள் நாரைக் கிழித்து அதே வேலையைச் செய்துவிடும். கொதிநீரில் மூன்று முறை முக்கித் தூக்கிய பிறகே முழுதாக விடுவார்கள், தோல் உரியாமல் இருக்க. இரண்டு கிலோ ஆக்டோபஸ் நாற்பது ஐம்பது நிமிடம் மெல்லக் கொதிக்கும். பிறகு கத்தரிக்கோலால் வட்டம் வட்டமாக வெட்டி, மரத்தட்டில் வைத்து, கல் உப்பு, சிவப்பு மிளகாய்த் தூள் வகையான பிமென்தோன், மேலே ஆலிவ் எண்ணெய். கூடவே வேகவைத்த உருளைக்கிழங்கு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சந்தைகளில் இதற்கு உள்ளூர்க்காரர்கள் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் இளம் சிவப்பு ஒயினும் குடிப்பார்கள். எந்த விதியையும் ரொம்பப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இருந்தாலும் மீனுக்குச் சிவப்பு ஒயின் ஏன் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. கடல் உணவோடு வரும் கவுச்சிக்கு ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இரும்பு அதிகமாகக் காணப்படுவது சிவப்பு ஒயின்களில்தான். மத்தி போல எண்ணெய் மிகுந்த மீனில் இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

சிப்பி, இறால், வறுத்த கணவாய், மாவுக்குள் மீன் வைத்து மூடிச் சுட்ட எம்பனாதா, மிதமான உப்பும் பால் ருசியும் உள்ள தெத்தீயா பாலாடைக்கட்டி எல்லாமே சேரும். எண்ணெயில் பொரித்துக் கல் உப்புத் தூவிய பத்ரோன் குடமிளகாய்க் குஞ்சுகளும் சேரும். அவற்றில் சில காரும், சில காராது. எது என்று கடித்தால்தான் தெரியும். ஊரின் புகழ்பெற்ற பாதாம் கேக்கான தார்த்தா தெ சாந்தியாகோவை மட்டும் இதோடு வைக்காதீர்கள். சர்க்கரைத் தட்டில் என்ன நடந்தது என்று பார்த்தீர்களே.

நம் சமையலில் சிக்கல் இரண்டு: புளியும் காரமும். புளி கரைத்த மீன் குழம்பு ஒயினைவிடப் புளிப்பு. எலுமிச்சைத் தட்டின் கதைதான் நடக்கும். காரம் வேறு விதம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும். குளிர்ச்சி ஒரு நொடி ஆற்றும், பிறகு பழையபடி எரியும். உப்பும் மஞ்சளும் மிளகும் போட்டு மிளகாய் சேர்க்காமல் வறுத்த வஞ்சிரம், தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி, மிளகாய்த் தூள் குறைத்த இறால் தொக்கு என்றால் நன்றாகப் போகும். வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழியாதீர்கள். அந்த வேலைக்குத்தான் ஒயின் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒயின் தோற்கும்.

பாட்டிலின் அடியில்

ஃப்ரிட்ஜில் பல நாள் வைத்த பாட்டிலின் அடியிலோ கார்க்கிலோ கண்ணாடித் துகள் போல மின்னினால் பயப்பட வேண்டாம். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் படிகமாகிப் பிரிந்திருக்கிறது. விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது, பாட்டிலைச் சாய்த்து மெதுவாக ஊற்றினால் அடியிலேயே நின்றுவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது கார்க்கின் கோளாறு. எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது, கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். நிறம் பழுப்பாகி, வெட்டி வைத்த ஆப்பிளின் மணம் வந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது.

திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் குடிக்கலாம். நாலாம் நாள் வாசனை போய்விடும், புளிப்பு மட்டும் அப்படியே நிற்கும். மட்டி அவிக்க வேண்டிய 100 மில்லிக்கு அது தாராளமாகப் போதும்.